அவன் விட்ட இடத்தில் நின்றவன்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கடையை நடத்தும் மிஸ் கேட்டார். நாற்பது வருடம் ஒரே புடவைக்கடையில் நின்றவன் நான். சேலை விற்பது எப்படி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதை எழுதப் போவதில்லை. சேலையை விரிக்கவும் மடிக்கவும் நவ்ஷாத் உங்களுக்குக் காட்டித் தருவான். என்னைவிட நன்றாகவே காட்டித் தருவான். இந்த வரியை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது. அதை ஆரம்பத்திலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துவிடக் கூடாது.

போன மாதம் நான் கடைக்கு வந்திருந்தபோது, தேநீர் நேரத்தில் உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள். "ஐயா, இந்த இன வெறுப்பு மனுசனுக்குப் பொறக்கும்போதே இருக்கா, இல்ல யாராவது பழக்கி விடுறதா?" அவள் வரும் பஸ்ஸில் யாரோ ஏதோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள், முகம் சரியில்லை. நான் வழக்கம்போலத் துணியை வைத்துச் சமாளித்தேன். நூலிலேயே சாயம் ஏற்றிய துணி என்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறம், மேலே அச்சடித்தது என்றால் மறுபக்கம் வெளிறியிருக்கும், திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நவ்ஷாதும் சிரித்தான்.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. என்னை நான் யாருக்கும் திருப்பிக் காட்டியதே இல்லை. காட்ட வேண்டிய ஆள் அங்கேயே, கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். நான் சொல்லப் போகும் கதையில் பாதி அவனுக்குத் தெரியும். மற்றப் பாதியை உங்களோடு சேர்ந்து அவனும் இதில்தான் படிக்கப் போகிறான்.

எண்பத்து மூன்றிலிருந்து, தமிழர்களைத் தேடி அடித்த அந்த ஜூலைக் கலவரத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது, கடையில் சேர்ந்து எட்டு மாதம். மிஸ்ஸின் அப்பாதான் அப்போது முதலாளி. சிங்களவர் கடை என்பதால் எங்கள் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே தெருவில் தமிழ்க் கடைகள் எரிந்தன. அப்போது எங்களுக்குத் தலைமைச் சேல்ஸ்மேனாக இருந்தவர் கலகெதரப் பக்கத்துச் சிங்களவர். பெயரை எழுத மாட்டேன், அவர் இருந்தால் அதற்கும் திட்டுவார். சரியான சிடுமூஞ்சி. எட்டு மாதத்தில் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. கலவரம் எங்கள் தெருவுக்கு வந்த அன்று காலை என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கும்பல் வந்தது. தமிழர்கள் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டார்கள். "இங்க துணிதான் இருக்கு, வேணும்னா வாங்கிட்டுப் போங்க" என்று அவர் சிங்களத்தில் எரிந்து விழுந்தது, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் அந்த ஸ்டோரிலேயே இருந்தேன். ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த பிறகும் என்னை முன்னால் விடவில்லை. இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். நம்முடைய கடையில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளருக்கு முதல் சேலையைப் பிரித்துக் காட்டுகிற கை எதுவோ, அந்தக் கைக்கே அவர். அடுத்த தடவை வந்து அந்த ஆளைத்தான் கேட்பார், மற்றவர்கள் குறுக்கே போகக் கூடாது. எட்டு மாதத்தில் எனக்கும் அப்படி நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த நாட்களில் அவர்களில் ஒரு பெண் வந்து செல்வா எங்கே என்று கேட்டது கதவு வழியாகக் கேட்டது. "ஊருக்குப் போயிருக்கான். வியாழக்கிழமை வருவான், வியாழக்கிழமை வாங்க" என்றார் அவர். அடுத்து வந்தவருக்கும் வியாழக்கிழமைதான். என்னைத் தேடி வந்த யாருக்கும் ஒரு சேலைகூடப் பிரித்துக் காட்டவில்லை. வியாபாரம் செத்துக் கிடந்த நேரத்தில் வந்தவர்களை எதற்காகத் திருப்பி அனுப்புகிறார் என்று உள்ளே இருந்த எனக்கே கோபம் வந்தது.

இரண்டாவது வியாழக்கிழமை கதவைத் திறந்தார். "வெளிய வா. உன்னோட ஆட்கள் வருவாங்க" என்றார். நான் முன்பு நின்ற அதே இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, அன்று முழுவதும் வாசல் பக்கமாகவே நின்றார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை ஒளித்து வைத்தாரே என்று மட்டும் காலமெல்லாம் நன்றியோடு இருந்தேன். அந்த வியாழக்கிழமையின் பெறுமதி எனக்கு முப்பத்தாறு வருடமாகப் புரியவில்லை.

பல வருடம் கழித்து நவ்ஷாத் திகனவிலிருந்து வந்து சேர்ந்தபோது நான் தலைமைச் சேல்ஸ்மேன். முதல் வாரமே அவனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கெட்டவனாக இருந்திருந்தால் பிடித்திருக்கும். கூச்சமே இல்லாமல் சேலையைத் தன் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, "பாருங்க, எனக்கே இவ்வளவு எடுப்பா இருந்தா மகளுக்கு எப்படி இருக்கும்" என்பான். மாமியார்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்தால் "ஓம், வாறன்" என்பான், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்தால் "வாங்கக்கா" என்பான். சிங்களம் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நானும் நாற்பது வருடமாகச் சிங்களம் பேசுகிறேன், வாயைத் திறந்ததும் தமிழன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒருவர் வாங்கிய சேலையின் கரை என்ன நிறம் என்று ஞாபகம் வைத்திருப்பான். நான் கொப்பியில் எழுதி வைத்தும் மறந்துபோவேன்.

பொறாமைப்பட்டேன். அதற்கு வேறு பெயர் சொல்லி அழகுபடுத்த விரும்பவில்லை. மத்தியானம் சோறு இறங்காத அளவுக்குப் பொறாமை. அவன் ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலை கட்டி அனுப்பினால், அன்று முழுவதும் அந்தக் கல்யாணம் நின்றுபோகக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். ஆனால் நவ்ஷாத் என்றுதான் திட்டுவேன். அவன் முஸ்லிம் என்பது அதில் வரவே வராது. போன தலைமுறையில் அடிபட்டவன் நான், எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாது என்று நம்பியிருந்தேன். இரண்டாயிரத்துப் பதினெட்டில் திகனப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது முதலில் போன் எடுத்து "வீட்டுல எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டதும் நான்தான். மனதாரத்தான் கேட்டேன். இரக்கம் காட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை, அதற்காக நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கலகெதர டீச்சர் என்று எனக்கு ஒரு வாடிக்கையாளர். மூத்த மகள்மார் இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்குக் கட்டிய ஒசரிச் சேலை என் கையால் பிரித்ததுதான். மூன்றாவது மகளின் கல்யாணத்துக்குச் சேலை பார்க்க அவர் வந்த நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நவ்ஷாத் அவருக்கு முன்னால் ஆறேழு சேலைகளை விரித்திருக்கிறான், டீச்சர் கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் நவ்ஷாத் ஒதுங்கப் பார்த்தான். டீச்சர் விடவில்லை. "பரவாயில்ல செல்வா, இவரே காட்டட்டும்" என்றார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அதைவிட மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

அன்று வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றும்போது மனைவியிடம் சொன்னேன். "அவங்க ஆளுங்களே அப்படித்தான். எடம் குடுத்தா எல்லாத்தையும் பிடிச்சிருவாங்க." அவள் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "ஒரு ஆளுதானே உங்க டீச்சர எடுத்துக்கிட்டாரு? மத்தவங்க எங்கிருந்து வந்தாங்க?"

தேத்தண்ணி கேட்டேன்.

பிறகுதான், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் ஒரு சில முஸ்லிம்கள் வைத்த குண்டுகள் வெடித்தன. அதற்குப் பின் வந்த வாரங்களை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். கடைக்கு வந்தவர்கள் நவ்ஷாத் பக்கத்தில் வந்தால் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவன் விரித்த சேலையைத் தொடாமலே எழுந்து போனார். அவன் வழக்கமான பகிடியை விடவில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஒரு மத்தியானம் மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். அப்பா இறந்த பிறகு அவர்தான் கடையை நடத்திக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, நவ்ஷாதைக் கொஞ்ச நாள் ஸ்டோரில் வைக்கலாமா என்று கேட்டார்.

"எனக்குப் பிடிக்கல செல்வா. ஆனா பயமாவும் இருக்கு. நீங்க இதையெல்லாம் அனுபவிச்சவர். நீங்க சொல்றபடி செய்றேன்."

பிள்ளைகளே, சேல்ஸ்மேன் வேலையில் தடுமாறுவதற்கு எவ்வளவோ சந்தர்ப்பம் வரும். அதில் எல்லாம் யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று என்னை யாரும் சந்தேகிக்க வழி இருக்கவில்லை. எண்பத்து மூன்றில் அதே ஸ்டோரில் ஒளிந்திருந்த தமிழன் சொன்னால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று மிஸ் நினைத்தார். வேண்டாம் மிஸ் என்று நான் சொல்ல மாட்டேனா என்ற ஏக்கம் அவர் முகத்தில் இருந்தது. அதையும் பார்த்தேன்.

"ஸ்டோருக்கு அனுப்புறதுதான் நல்லது மிஸ். அவனோட பாதுகாப்புக்கு" என்றேன்.

அவர் தயங்கினார். ஏழு வருடமாக இருக்கிறானே, நல்ல பிள்ளைதானே என்றார். அப்போது இன்னொன்றும் சொன்னேன்.

"நவ்ஷாத் நல்லவன்தான் மிஸ். ஆனா அவங்களுக்குள்ள யாரு எப்படின்னு நமக்கு எப்படித் தெரியும்."

அதற்குத்தான் மிஸ் தலையாட்டினார். அந்தப் பேச்சு என்னுடையது இல்லை. அன்று காலை கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் பின் இருக்கையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அது. கேட்கும்போது சீ என்று இருந்தது எனக்கு. மத்தியானம் அதே சொற்களை, அதே இழுவையோடு எடுத்து வைத்தேன். பொறாமை என்னுடையது, அதை எனக்கு யாரும் பழக்கவில்லை. வெளியே எடுத்துப் பேச அதற்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த நாட்களில் ஊரில் அது இலவசமாகக் கிடைத்தது.

நவ்ஷாதிடம் நானே போய்ச் சொன்னேன். "நீங்க சொன்னா சரி அண்ணன். காரணம் ஈக்கும் தானே" என்றான். தோளில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். அன்று பின்னேரமே அவனுடைய வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்தார்கள். நான் அவன் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு சேலையைப் பிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தப் பக்கங்களை எழுதியே பிரயோசனம் இல்லை. வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

ஊர் மெல்ல மெல்லச் சரியாயிற்று. நவ்ஷாத் ஸ்டோரிலேயே இருந்தான். மிஸ் இரண்டு தடவை கேட்டார். பெரஹெரா ஊர்வலக் கூட்டம் முடியட்டும் மிஸ் என்றேன் ஒரு தடவை. வருடக் கடைசி வியாபாரம் முடியட்டும், இப்போது ஏன் வில்லங்கம் என்றேன் அடுத்த தடவை. ஒவ்வொரு தடவையும் நல்ல காரணமாகத்தான் இருந்தது. ஒருவனைப் பின்னால் அனுப்ப ஒரு வார்த்தை போதும், அவன் பின்னாலேயே இருந்துவிடுவதற்கு அதுவும் தேவையில்லை என்று அப்போது கண்டுகொண்டேன்.

டிசம்பரில் கலகெதர டீச்சர் வந்தார், கல்யாணத்துக்குப் பிறகு வரும் ஹோம்கமிங் விருந்துக்குச் சேலை எடுக்க அந்த மூன்றாவது மகளையும் கூட்டிக்கொண்டு. நான் ஓடிப்போய்க் கதிரை போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நவ்ஷாத் இல்லையா?"

"அவர் இப்ப ஸ்டோர் வேலை செய்றார் டீச்சர். நான் காட்டுறேன்" என்று சிவப்புச் சேலை ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"வேணாம், பிரிக்காதீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவர் எப்ப முன்னால வருவார்னு சொல்லுங்க. அன்னிக்கு வாறேன்."

சேலை என் கையிலேயே இருந்தது. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, வியாழக்கிழமை வாங்க என்று சொன்ன குரல் எனக்குக் கேட்டது. அந்தச் சிடுமூஞ்சி என்னை உள்ளே வைத்தார், ஆனால் நான் விட்ட இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, தான்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நானும் ஒருவனை அதே அறைக்குள், பாதுகாப்பு என்ற அதே காரணத்தைச் சொல்லி அனுப்பினேன். மறுநிமிடம் அவன் இடத்தில் போய் நின்றேன். அவருக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். சேலையை மறுபடி அடுக்கில் வைத்தேன்.

டீச்சரை இருக்கச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். நவ்ஷாத் பெட்டிமேல் உட்கார்ந்து பிளவுஸ் துணி பிரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் வந்திருக்கிறார், முன்னால் வா என்றேன். அவன் எழும்பவில்லை.

"அவ உங்கட கஸ்டமர் தானே அண்ணன். அண்டைக்கு நான் எடுத்தது பிழை. அதாலதான் நானும் ஒண்டும் பேசாம இங்க வந்த."

"அதுக்காக இல்ல நவ்ஷாத்" என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியும் அண்ணன். பாதுகாப்புமில்ல, ஒண்டுமில்ல. உங்களுக்கு என்மேல எரிச்சல்." கையிலிருந்த துணியை மடித்து வைத்தான். "ஊரில மத்தவங்க எல்லாம் என்னைய முஸ்லிம் எண்டு தள்ளி வெச்ச. நீங்க மட்டும் நவ்ஷாத் எண்டு தள்ளி வெச்ச. உம்மாக்கிட்டயும் அதத்தான் சொன்ன. இந்த எட்டு மாசமா எனக்கு அது ஒண்டுதான் ஆறுதல்."

நான் அவன் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்தேன். டீச்சர் சேலை வாங்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரமே மிஸ்ஸிடம் போய், நான் சொன்னது பாதுகாப்புக்கு இல்லை, பொறாமையில் சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். "எனக்கும் அப்ப அது வசதியா இருந்தது செல்வா" என்றார் மிஸ். பிறகு சொன்னார். "நீங்க ரெண்டாவதா சொன்னத நான் அவர்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். நான் ஓய்வு பெற்ற நாளில் அவன் எழுந்து, எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் எரிச்சல் இருந்தது, இன வேற்றுமை இருந்ததில்லை என்று பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு உரிமையில்லாத மன்னிப்பு அது என்று தெரிந்துகொண்டேதான் தட்டினேன்.

தேநீர் நேரத்தில் கேட்ட பிள்ளைக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். என்னுடைய எரிச்சல் கூடவே பிறந்தது, சாகும்வரை போகாது போலிருக்கிறது. அதை ஒரு முழுச் சனத்தின்மேல் கொட்டுவதற்கு மட்டும் நான் மற்றவர்களிடம் கேட்டுப் பழகினேன், அதுவும் ஒரு பஸ் பயணத்தில். அவ்வளவு சீக்கிரம் பழக முடிந்தது என்றால், உள்ளே ஏற்கெனவே அதற்கு இடம் இருந்திருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. எண்பத்து மூன்றில் எங்கள் தெருவில் எது தமிழன் கடை என்று கும்பலுக்குக் காட்டிக் கொடுத்தவன் யாரோ பேய்ப்பிறவி என்று நினைத்திருந்தேன். இப்போது, அவனும் எதிர்க்கடையில் கூட்டத்தைப் பார்த்து வயிறெரிந்த ஒருத்தனாக இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். துணியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேனே, என் துணியில் இரண்டு பக்கமும் கறை இருக்கிறது. எது உள்ளே இருந்து வந்தது, எது வெளியே இருந்து ஒட்டியது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. ஒருவரை அவருடைய நன்மைக்காக ஒதுக்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் விட்ட இடத்தில் யார் போய் நிற்கப் போகிறார்கள் என்று பாருங்கள். சொல்வது நீங்களாக இருந்தாலும் பாருங்கள்.

நவ்ஷாத், நீ அறியாத பாதி இதுதான். உன்னை நான் நவ்ஷாத் என்று மட்டும் தள்ளி வைக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறேன். மகளுக்குக் கூறைச் சேலை எடுக்க வேண்டும். நவ்ஷாத் காட்டட்டும் என்றுதான் கேட்பேன். அவர் வேலையாக இருக்கிறார் என்று உங்களில் யாராவது வந்து சொல்ல வேண்டியிருக்கலாம், அதை நான் தப்பாக எடுக்க மாட்டேன். ஆனால் அவருக்குப் பதிலாக யாரும் முதல் சேலையைப் பிரித்துவிடாதீர்கள். அவர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கு வருகிறோம்.